நேற்றைக் கொண்டு வந்தவர்

“என்னோட ஆட ஆளே இல்ல, சாமி.”

வந்து உட்கார்ந்ததும் கலிவரதன் சொன்ன முதல் பேச்சு இதுதான். மேல்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். குன்றின் பாதி உயரத்தில் இருந்தது அந்தக் கல்மண்டபம். ஐம்பத்தைந்து வயதுக்கு அந்தப் படிகள் கொஞ்சம் அதிகம்.

சாமி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு நாற்பது வயதுகூட இருக்காது. தன்னைவிடச் சின்னவரிடம் வந்து இப்படிக் கைகட்டி உட்கார்ந்திருக்கிறோமே என்று கலிவரதனுக்குள் ஒரு கூச்சம் இருந்தது.

அடிவாரத்து ஊர் சாமியை மௌனசாமி என்று அழைத்தது. வந்த புதிதில் சில வருஷம் வாயே திறக்காமல் இருந்தாராம். அப்போது வைத்த பெயர். இப்போது ஓயாமல் பேசுவார். பெயரை மாற்ற யாருக்கும் மனம் வரவில்லை.

“என்ன ஆட்டம்? சீட்டா?”

“இல்ல. ஈரெழுத்து ஆட்டம்.”

“அப்படின்னா?”

“ரெண்டு எழுத்து எடுத்துக்கணும். அந்த ரெண்டும் ஒட்டி வர்ற சொல்லா மாத்தி மாத்திச் சொல்லணும். சொல்ல முடியாதவன் தோத்தான். இப்ப ‘ட்டு’ன்னு வெச்சுக்குங்க. பாட்டு, பூட்டு, மொட்டு, கட்டு, தட்டு, சிட்டு, பட்டு, திட்டு, கூட்டு…”

“போதும், போதும். காய் முத்திடும்.”

கலிவரதன் நிறுத்தினார். நிறுத்துவது அவருக்குக் கஷ்டமாக இருந்தது. உள்ளே சொற்கள் வரிசையில் நின்று ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்தன.

“லட்டு?” என்றார் சாமி.

“செல்லாது. தமிழ்ச்சொல் இல்ல.”

“வாயில போட்டா நல்லாத்தான் செல்லுது.”

கலிவரதன் சிரிக்கவில்லை.

அவருடைய ஊரில் குளக்கரை மண்டபத்தில் மாலைதோறும் அந்த ஆட்டம் நடக்கும். ஒரு கூட்டமே இருந்தது. கோயில் ஓதுவார், மருந்துக்கடைக்காரர், தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர் என்று பலர். கலிவரதன் ஆடுவார், அவரே நடுவராகவும் இருப்பார். நடுவர் வேலையை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை. அகராதி அவர் தலைக்குள் இருந்ததால் அது தானாக அவரிடம் வந்து சேர்ந்தது. யாராவது ஒரு சொல்லைச் சொன்னால் எல்லாரும் அவர் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் தலையசைத்தால் சொல் நிற்கும். ‘செல்லாது’ என்றால் விழும்.

நாளாக ஆக ஓதுவாருக்கு மாலையில் வேலை வந்துவிட்டது. மருந்துக்கடைக்காரருக்கு முழங்கால் வலி. மற்றவர்களுக்குக் காரணம் சொல்லவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

கடைசியில் மண்டபத்தில் அவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். வென்றவன் தனியாகத்தான் இருப்பான் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். அது தேறுதல்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

“ஊர்ல எனக்குப் பேரே வெச்சிருக்காங்க, சாமி.”

“என்ன பேரு?”

கலிவரதன் கொஞ்சம் தயங்கினார்.

“செல்லாதையா.”

சாமி உடம்பெல்லாம் குலுங்கச் சிரித்தார். கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சரி, செல்லாதையா, என்கிட்ட என்ன வேணும்?” என்றார்.

“இங்கயே இருந்துக்கறேன். ஆள் இல்லாம இருக்கப் பழகிக்கணும். தனியா இருக்கக் கத்துக்குடுங்க.”

“தனியா இருக்க இங்க எதுக்கு வந்தீங்க? இங்க நான் இருக்கேனே.”

கலிவரதன் கொண்டுவந்த பையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

“வீட்ல யாரு?”

“சம்சாரம். பொண்ணு கல்யாணமாகி வெளியூர்ல இருக்கா.”

“சொல்லிட்டு வந்தீங்களா?”

“சொன்னேன். இனிமே மலையிலயே இருந்துக்கறேன்னு சொன்னேன்.”

“என்ன சொன்னாங்க?”

“சரின்னா.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

 சாமி நறுக்கிய காயைச் சட்டியில் அள்ளிப் போட்டார்.

“சரி. நான் ஆடறேன் உங்களோட.”

கலிவரதன் நிமிர்ந்து உட்கார்ந்தார். பல மாதங்களாக யாரும் அவரிடம் இப்படிச் சொல்லவில்லை.

“என்ன எழுத்து, சாமி?”

“நீங்களே சொல்லுங்க.”

“ற்று,” என்றார் கலிவரதன். யோசிக்காமல் வந்தது. சொன்ன பிறகு, ஏன் இதைச் சொன்னோம் என்று ஒரு கணம் உள்ளே எதுவோ உறுத்தியது. அதைத் தள்ளிவிட்டார்.

“ஊற்று,” என்றார் சாமி.

“கூற்று.”

“இருங்க, இருங்க. என்ன அவசரம்? நம்ம ஆட்டத்துல ஒரு விதி. நான் சொல்ற சொல்லை நீங்க எடுத்துட்டு வரணும். வந்தாத்தான் அடுத்தது.”

“எடுத்துட்டு வரணும்னா?”

“ஊற்றைக் கொண்டு வாங்க.”

இப்படி ஒரு விதி எங்கும் இல்லை என்று சொல்லக் கலிவரதன் வாயெடுத்தார். சொன்னால் இந்த ஆளும் எழுந்து போய்விடுவார் என்று தோன்றியது. செம்பை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

ஊற்று மண்டபத்துக்குப் பின்னால், பாறை இடுக்கில் இருந்தது. உள்ளங்கை ஆழம்தான். அவர் செம்பை விட்டு ஒரே மூச்சில் மொண்டார். கொண்டு வந்து நீட்டினார்.

சாமி செம்புக்குள் எட்டிப் பார்த்தார்.

“செல்லாது.”

கலிவரதனுக்குச் சுருக்கென்றது. இந்தச் சொல்லைத் தன் வாயால் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். ஒருவர் முகத்துக்கு நேரே வந்து விழும்போது அது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

“ஏன்?”

“இது சேறு. நான் ஊற்று கேட்டேன்.”

செம்பைச் சரித்து ஒரு செடியின் அடியில் ஊற்றிவிட்டுத் திருப்பித் தந்தார்.

கலிவரதன் மறுபடி போனார். அவர் கலக்கிவிட்டு வந்த இடம் இன்னும் கலங்கியே இருந்தது. காத்திருக்க வேண்டியிருந்தது. குந்தி உட்கார்ந்தார். வேறு வேலை இல்லாததால் தண்ணீரையே பார்த்தார். மண் ஒவ்வொரு துகளாக இறங்கியது. அடியில் ஒரு மணல்மணி மட்டும் துள்ளித் துள்ளி விழுந்துகொண்டிருந்தது. அங்கிருந்துதான் வருகிறது போலிருக்கிறது என்று நினைத்தார்.

இந்தச் சொல்லை ஆயிரம் பேரிடம் வீசியிருப்பார். அதன் பக்கத்தில் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

தெளிந்த நீரைக் கொண்டு வந்தார். சாமி வாங்கிக் குடித்தார்.

“நல்லா இருக்கு. அடுத்தது, நாற்று.”

*

அதற்கு மலையை விட்டு இறங்க வேண்டும்.

கீழே வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது. பெண்கள் வரிசையாகக் குனிந்திருந்தார்கள். கலிவரதன் வரப்பில் நின்று தொண்டையைச் செருமினார்.

“அம்மா, ஒரு நாற்று வேணும்.”

“ஒண்ணா?” என்றாள் முன்னால் நின்றவள். “ஒத்த நாத்தை வெச்சு என்ன பண்ணப்போறீரு? தலையில நட்டுக்கப் போறீரா?”

சிரிப்பு வரிசை முழுக்கப் போய் மறு கோடியில் முடிந்தது. கலிவரதனின் கை தன்னையறியாமல் வழுக்கைத் தலையைத் தடவியது. அதைப் பார்த்து மறுபடி ஒரு சிரிப்பு.

“மலைச்சாமி கேட்டார்.”

“அவரா? அவருக்கு வேற வேலை இல்ல. சும்மா தர முடியாது, பெரியவரே. எறங்கி ஒரு முடி நாத்து நட்டுட்டு எடுத்துட்டுப் போங்க.”

“எனக்குத் தெரியாதே.”

“தெரிஞ்சவங்க யாரும் இங்க கேட்டு நிக்கல. வேட்டியை மடிச்சுக் கட்டும்.”

இறங்கினார். சேறு முழங்கால்வரை இழுத்தது. பக்கத்தில் இருந்தவள் ஒரு நாற்று முடியைப் பிரித்து அவர் கையில் திணித்தாள். அவர் நட்டது கோணலாகப் போனது. அவள் ஒன்றும் சொல்லாமல், அவர் நட்டதில் சாய்ந்ததை மட்டும் நிமிர்த்திக்கொண்டே பின்னால் வந்தாள்.

“எங்க ஊரு உங்களுக்கு?”

சொன்னார்.

“வீட்ல அம்மா நல்லா இருக்காங்களா?”

“இருக்கா,” என்றார்.

‘நல்லா’வை விட்டுவிட்டதை அவரே கவனித்தார். அவளும் கவனித்திருப்பாள். குனிந்தபடியே அடுத்த நாற்றை நட்டாள்.

மாலையில் ஒற்றை நாற்றோடு மேலே ஏறினார். இடுப்பு விட்டுப்போயிருந்தது. சாமி அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு ஊற்றின் ஓரத்தில் ஊன்றினார்.

“செல்லுமா, சாமி?”

“செல்லும்.”

அந்தச் சொல்லுக்காக அவருக்கு ஒரு குழந்தையின் சந்தோஷம் வந்தது. உடனே வெட்கமும் வந்தது.

மறுநாள் சாமி ‘கீற்று’ என்றார். அடிவாரத்தில் ஒரு தென்னந்தோப்பில் கணவனும் மனைவியும் கீற்று முடைந்துகொண்டிருந்தார்கள். ஊறவைத்த மட்டையின் இரு பக்கமும் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து முடைந்தார்கள். ஏதோ சண்டை. அவன் மச்சினன் வீட்டுக் கல்யாணத்தில் யாரை முதலில் பந்தியில் உட்கார வைத்தார்கள் என்பது பற்றி. வாய் நிற்கவில்லை, கையும் நிற்கவில்லை. சண்டை முடிவதற்குள் கீற்று முடிந்துவிட்டது. கலிவரதன் காசு கொடுத்தார், அவள் வாங்கவில்லை. “மலைக்குத்தானே” என்றாள். அதைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறும்போது, அந்தச் சண்டையில் யார் வென்றார்கள் என்று தெரியாமலே வந்துவிட்டோமே என்று நினைத்தார். அவர்களுக்கும் தெரிந்திருக்காது என்று பிறகு தோன்றியது.

சாமி கீற்றை மண்டபத்தின் உடைந்த மூலையில் போட்டு, மேலே ஒரு கல்லை வைத்தார்.

“அடுத்தது, காற்று.”

கலிவரதன் வெளியே போய் நின்றார். ஓர் இலைகூட அசையவில்லை. பாறை மேல் ஏறி நின்றார். வெயில் மட்டும் இருந்தது. வெகுநேரம் கழித்து வெறுங்கையோடு திரும்பினார்.

“வரல, சாமி.”

“வரலைன்னா வரல. உக்காருங்க.”

இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். சாமி தன் தம்பியைப் பற்றிப் பேசினார். லாரி ஓட்டுகிறான், கோபக்காரன், ஆனால் நன்றாகச் சமைப்பான் என்றார். ஒரு துறவிக்குத் தம்பி இருப்பதே கலிவரதனுக்கு வியப்பாக இருந்தது. பேச்சின் நடுவே எப்போதோ அவர் துண்டின் நுனி அசைந்தது. கழுத்தில் குளிர்ச்சி பட்டது.

“வந்துடுச்சு,” என்றார்.

“எப்ப வந்துச்சு?”

“தெரியல. கேட்டுக்கிட்டு இருந்தேன்.”

சாமி தலையசைத்தார்.

*

மறுநாள் காலை, கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போது சாமி அடுத்த சொல்லைச் சொன்னார்.

“நேற்று.”

கலிவரதன் கலயத்தைக் கீழே வைத்தார்.

“செல்லாது, சாமி.”

“ஏன்?”

“நேத்தைக் கொண்டு வர முடியாது.”

“எங்க இருக்கு அது?”

“போயிடுச்சு.”

“போனது எங்கயாவது போய்த்தானே இருக்கணும். போய்ப் பார்த்து எடுத்துட்டு வாங்க.”

“இது ஆட்டமே இல்ல,” என்று கலிவரதன் எழுந்துவிட்டார். கோபம். பாறை வரைக்கும் போனார். வேட்டியை உதறிக்கொண்டு உட்கார்ந்தார்.

கீழே ஊர் தெரிந்தது. முந்தாநாள் நட்ட வயல்கள் தண்ணீரும் பச்சையுமாகக் கிடந்தன. பேருந்து ஒன்று பூச்சி போலப் போனது. அதில் ஏறினால் மதியத்துக்குள் வீடு. வீட்டில் என்ன இருக்கிறது என்று யோசித்தார். பாய் இருக்கிறது. அடுப்படியில் சத்தம் இருக்கும். தாளிக்கும் சத்தம், பாத்திரம் வைக்கும் சத்தம். குரல் இருக்காது.

எப்போதிலிருந்து இருக்காது?

அந்தக் கேள்வியை அவர் இதுவரை கேட்டுக்கொண்டதே இல்லை. தெரியாததால் இல்லை. தெரியும் என்பதால்தான்.

வெயில் உச்சிக்கு வந்த பிறகு திரும்பினார். சாமி சாப்பிடாமல் காத்திருந்தார்.

“நேத்து இல்ல, சாமி. போன மழைக்காலத்துல நடந்தது.”

“பரவாயில்ல. கொண்டு வந்தவரைக்கும் வைங்க.”

கலிவரதன் சொன்னார்.

“மண்டபத்துல எல்லாரும் நின்னுட்டாங்க. அவ ஒருத்திதான் பாக்கி. அமிர்தம். வேதாமிர்தம் முழுப்பேரு. உப்பளத்துப் பக்கம் அவ ஊரு. கடலோரம். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து என்னோட ஆடுவா. எப்பவும் தோப்பா. தோத்தா சிரிப்பா.”

“ம்.”

“அன்னிக்கு மழை விட்ட நேரம். பின்வாசல்ல உக்காந்திருந்தோம். ‘ற்று’தான் எழுத்து. அவ நல்லா ஆடினா அன்னிக்கு. சுற்று, பற்று, தூற்று, நாற்றுன்னு வரிசையா சொல்லிட்டே வந்தா. எனக்கே கொஞ்சம் பயம் வந்திருச்சு. அப்புறம் நின்னா. கூரையைப் பார்த்தா, செவத்தைப் பார்த்தா. முகம் அப்படியே மலர்ந்துச்சு, சாமி. அந்த மாதிரி அவ முகத்தை நான் பார்த்து ரொம்ப நாளாச்சு. ‘மீற்று’ன்னா.”

“மீற்று.”

“அப்படி ஒரு சொல் கிடையாது. செல்லாதுன்னேன். ‘எங்க ஊர்ல சொல்லுவோம், எங்கம்மா’ன்னு ஆரம்பிச்சா. அகராதியில இல்லன்னு சொன்னேன்.”

சாமி சோற்றுச் சட்டியை மூடி வைத்தார்.

“‘சரி’ன்னா. எழுந்து பாயைச் சுருட்டிட்டு உள்ள போயிட்டா. அவ்வளவுதான். சண்டை கிண்டை ஒண்ணும் இல்ல. அன்னிலேர்ந்து எதுக்கும் சரிங்கறா. சாப்பிடலாமா, சரி. கோயிலுக்குப் போலாமா, சரி. ஆடலாமான்னு கேப்பேன். சரின்னு வந்து உக்காருவா. நான் முதல் சொல்லைச் சொன்னதுமே ‘தோத்துட்டேன்’னு எழுந்துடுவா. சிரிக்க மாட்டா.”

கலிவரதன் துண்டை மடித்தார், பிரித்தார்.

“ஒரு வார்த்தைக்கா இவ்வளவும்? நான் பழைய அகராதி, புது அகராதி எல்லாத்தையும் மறுபடி பார்த்துட்டேன், சாமி. இல்ல. மீற்றுங்கற சொல் எங்கயுமே இல்ல. என் தீர்ப்பு சரிதான்.”

“சரிதான்,” என்றார் சாமி.

கலிவரதன் எதிர்பார்த்தது இதுவல்ல. எதிர்த்துப் பேசினால் தாங்கிக்கொள்ளத் தயாராக வந்திருந்தார். வாதங்களை அடுக்கி வைத்திருந்தார். ஒன்றுக்கும் தேவை ஏற்படவில்லை. அடுக்கியதெல்லாம் கையில் கனத்தது.

“அப்ப நான் பண்ணினதுல தப்பு…”

“மீற்றுன்னா என்ன?” என்று கேட்டார் சாமி.

“என்ன?”

“அந்தம்மா சொன்னாங்களே. அதுக்கு என்ன பொருள்?”

கலிவரதன் வாயைத் திறந்தார்.

தலைக்குள் அத்தனை சொற்களும் வரிசையாக நின்றன. எல்லாவற்றுக்கும் அவருக்குப் பொருள் தெரியும். ஒன்றுக்கு இரண்டாகவும் தெரியும். கேட்ட ஒன்று அங்கே இல்லை.

“தெரியாது.”

“கேட்டீங்களா?”

“இல்ல.”

“அப்புறம் எப்பவாவது?”

கலிவரதன் தலையை மட்டும் ஆட்டினார்.

சாமி எழுந்தார். மண்டபத்தின் ஓரத்தில் கலிவரதன் விரித்திருந்த பாயைச் சுருட்டினார். கொடியில் காய்ந்த வேட்டியை எடுத்து மடித்துப் பைக்குள் வைத்தார். பையைக் கொண்டு வந்து கலிவரதனின் காலடியில் வைத்தார். 

கலிவரதன் பையைப் பார்த்தார்.

“சாமி, நம்ம ஆட்டம்? இப்ப யாரு முறை?”

“என் முறைதான். யோசிச்சுக்கிட்டு இருக்கேன். எனக்கு ரொம்ப நாளாகும்.”

*

வீட்டுக்கு வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது.

முன்கதவு சும்மா சாத்தியிருந்தது. கூடத்தில் யாரும் இல்லை. ஒரு தட்டு, ஒரு டம்ளர் மட்டும் கழுவிக் கவிழ்த்திருந்தது. அந்த ஒற்றைத் தட்டைப் பார்த்துக் கொஞ்சம் நின்றார். தான் போன பிறகு கழுவியதுதான் என்றாலும், தான் இருந்தபோதும் அது அப்படித்தான் இருந்திருக்குமோ என்று தோன்றியது.

அமிர்தம் பின்வாசல் படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். மடியில் முறம்.

காலடி கேட்டுத் திரும்பினாள். முகத்தில் வியப்பும் இல்லை, வெறுப்பும் இல்லை.

“வந்துட்டீங்களா?”

“வந்துட்டேன்.”

“சாப்பிட்டீங்களா?”

“இல்ல.”

“சரி.” முறத்தை இறக்கி வைத்து எழப்போனாள்.

“இரு,” என்றார்.

அவள் உட்கார்ந்தாள். எதற்கு என்று கேட்கவில்லை.

கலிவரதன் நின்றுகொண்டிருந்தார். வழியெல்லாம் பேருந்தில் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தபடிதான் வந்தார். நல்ல நல்ல சொற்களாக எடுத்து வைத்திருந்தார். இப்போது பார்த்தால் அத்தனையும் அவருடைய சொற்களாகவே இருந்தன.

“மீற்றுன்னா என்ன?”

அவள் கை நின்றது.

பக்கத்து வீட்டில் யாரோ வாளியைக் கிணற்றுக்குள் விட்டார்கள். கயிறு ஓடும் சத்தம் கேட்டது. வாளி தண்ணீரில் விழும்வரை அவள் கை அசையவில்லை.

“அதுதான் செல்லாதே,” என்றாள்.

“செல்லாட்டிப் போகுது. என்னன்னு கேக்கறேன்.”

“எதுக்கு இப்ப?”

“தெரியாது எனக்கு.”

இந்த வார்த்தையை அவர் அந்த வீட்டில் சொல்லி அவள் கேட்டதில்லை. அவரை நிமிர்ந்து பார்த்தாள். வேட்டி ஓரத்தில் காய்ந்த சேறு ஒட்டியிருந்தது. அதையும் பார்த்தாள். பிறகு குனிந்து ஓர் ஈர்க்கை எடுத்து உருவினாள்.

“மறந்துபோச்சு.”

நிஜமாகவே மறந்துவிட்டாளா, சொல்லப் பிடிக்கவில்லையா என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் குரலை வைத்து இதைக் கண்டுபிடிக்க ஒருவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இத்தனை வருஷம் கூட இருந்தவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அவர் உள்ளே போகவில்லை. படியில் அவளுக்குக் கீழே உட்கார்ந்தார். கீரைக் கட்டிலிருந்து ஓர் ஈர்க்கை எடுத்தார். உருவி முறத்தில் போட்டார். இன்னொன்று எடுத்தார்.

“காம்போட போடாதீங்க.”

“சரி.”

காம்பைப் பொறுக்கி வெளியே போட்டார். விரல்கள் பச்சையாகிவிட்டன. வெயில் சுவரில் ஏறிப் போய்விட்டது. ஆட எழுத்து எதுவும் அவர் தலைக்குள் வரவில்லை. வந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்.

முறம் பாதி நிறைந்த பிறகு அவள் பேசினாள். கீரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“இன்னொண்ணு ஞாபகம் இருக்கு.”

அவர் கையை நிறுத்தினார்.

“எங்க வீட்ல சொல்றது. உப்பு வெளைஞ்சு வர்ற அன்னிக்குக் காலையில மட்டும் சொல்லுவாங்க.” கொஞ்சம் நிறுத்தினாள். “ஆனா அதுல உங்க எழுத்து வராது.”

அவர் ஈர்க்கைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

“சொல்லு.”